ஆனியில் காலியான கரை

எங்கள் கடற்கரை சுற்றுலாத் தலமாக வளர்ந்த கதையை, அங்கே வந்து தங்கும் விருந்தினர்களுக்கு நான் இரண்டு விதமாகச் சொல்லியிருக்கிறேன். இரண்டுக்கும் நன்றாகக் கைதட்டினார்கள். இப்போது எழுதுவது மூன்றாவது விதம்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். மதுரையிலிருந்து ராமேஸ்வரம் போகிற பஸ்கள் உச்சிப்புளியில் ஒரு நிமிடம் நிற்கும். உள்ளே இருப்பவர்கள் பாம்பன் பாலம் வந்துவிட்டதா என்று கேட்பார்கள், இல்லை என்று தெரிந்ததும் மறுபடி தூங்கிவிடுவார்கள். காலம் காலமாக இதுதான் எங்கள் ஊருக்கும் வெளியுலகத்துக்கும் இருந்த உறவு. பாவத்தைக் கடலில் விட வந்தவர்கள் எங்கள் பக்கத்துக் கடலை அதற்குத் தகுதியுள்ளதாக நினைக்கவில்லை. இத்தனைக்கும் நிலம் ஒரு நாக்குப் போல நீண்டு கிடக்கிற இடம் இது. வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல். வடக்குக் கடலைப் பெண்கடல் என்பார்கள், தெற்கை ஆண்கடல் என்பார்கள். நான் புவியியல் ஆசிரியராக வேலை பார்த்த காலம் முழுவதும் இந்த ஓர் அதிசயத்தை மாணவர்களுக்கு விளக்க முயன்றேன். அவர்கள் ஜன்னல் வழியாக அந்தக் கடல்களையே பார்த்துக்கொண்டு என் விளக்கத்தைக் கேட்காமல் இருந்தார்கள்.

இப்போது நிலைமை வேறு. பரோட்டாக் கடைக்காரர் பலகையை மாற்றி 'பீச் கஃபே' ஆக்கிவிட்டார். பரோட்டா அதேதான், தட்டு சதுரமாகிவிட்டது. பஞ்சர் கடையில் ஸ்கூட்டர் வாடகைக்குக் கிடைக்கிறது. வளைகுடாவில் வேலை பார்க்கும் பிள்ளைகள் கட்டிப் பூட்டிவைத்திருந்த மாடிகளில் எல்லாம் வெள்ளை விரிப்புப் போட்ட கட்டில்கள் வந்துவிட்டன. எங்கள் வீட்டெதிரே இருக்கும் அம்மா, 'வைஃபை' வேலை செய்யவில்லை என்று வந்து நிற்கும் வெள்ளைக்காரரிடம், "காத்து நிக்கட்டும் தம்பி, வரும்" என்று ஆறுதல் சொல்கிறார். அவருக்கு எல்லாமே காற்றோடு சம்பந்தப்பட்டதுதான். அது தப்பில்லை. இந்த ஊரை வளர்த்தது காற்றுதான்.

அந்தக் காற்றைத் தேடி முதலில் வந்தவர் பெங்களூரில் வேலையை விட்டுவிட்டுக் கிளம்பிய ஒரு தமிழர். வயது நாற்பதுக்குள். வந்தது ஓர் ஆனி மாதம். கடற்கரையை ஒட்டி என் அய்யா விட்டுப்போன பனந்தோப்பு ஒன்று உண்டு. உள்நாட்டில் நெல் விளையும் நிலம் வைத்திருந்த எங்கள் குடும்பத்தில் அந்தத் தோப்பை யாரும் சொத்தாகவே எண்ணியதில்லை. பாகப்பிரிவினையில் கடைசியாக மிஞ்சியதை, படித்தவன், சண்டை போடமாட்டான் என்று எனக்குத் தள்ளினார்கள். அந்தத் தோப்பின் முன்னால் நின்று அவர் இரண்டு கைகளையும் விரித்துக் காற்றை வாங்கினார். தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அப்போது முழு வேகத்தில் இருந்தது. மணல் முகத்தில் ஊசிபோல் குத்தியது.

"சார், இது எத்தனை மாசம் அடிக்கும்?"

"வைகாசியிலருந்து புரட்டாசி வரைக்கும்."

"டெய்லியா?"

"ஓயவே ஓயாது."

அவர் கண் கலங்கியது. மணலாலும் இருக்கலாம். பெரிய பட்டம் ஒன்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, காலடியில் பலகையை மாட்டிக்கொண்டு, கடல்மேல் சறுக்கிப் போகிற விளையாட்டு ஒன்று இருப்பதையும், அதற்கு ஏற்ற காற்றைத் தேடி உலகம் முழுவதும் ஆட்கள் அலைவதையும் அவர் சொல்லித்தான் அறிந்தேன். எங்கள் ஊரில் அதுவரை அந்தக் காற்றைத் திட்டாதவர்கள் இல்லை. ஒருவர் அதைப் புகழ்ந்து கேட்டபோது, என் பிள்ளையைப் புகழ்ந்தது மாதிரி இருந்தது. பருவக்காற்று ஏன் திசை மாறுகிறது, நிலம் எப்படிச் சூடாகிறது, கடல் எப்படிக் குளிர்கிறது என்று நான் தொடங்கினேன். அவர் கேட்டார். வாய் திறந்து கேட்டார். நடுவில் கேள்விகூடக் கேட்டார். ஓர் ஆசிரியனுக்கு இப்படியொரு மாணவன் ஓய்வு பெற்ற பிறகுதான் வாய்க்கிறான்.

பிறகு அவர் கரையின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இந்த பீச்ல யாராச்சும் புழங்குவாங்களா சார்? மீனவங்க யாராச்சும்?"

"யாருமே இல்லையே. நீங்களே பாருங்க" என்று கையைக் காட்டினேன்.

யாரும் இல்லைதான். கண்ணுக்கு எட்டிய தூரம் மணல், அடம்பன் கொடி, நுரை. ஒரு படகில்லை, ஒரு கொட்டகை இல்லை. ஆனியில் அங்கே யாரும் இருக்கமாட்டார்கள் என்பது ஊரில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். கச்சான் அடிக்கிற மாதங்களில் தெற்குக் கடல் கொந்தளிக்கும்; படகுகளும் வலைகளும் நிலத்தைத் தாண்டி வடக்குக் கரைக்குப் போய்விடும். ஐப்பசியில் வடகிழக்கிலிருந்து வாடைக் காற்று தொடங்கி வடக்குக் கடல் புரளும்போது எல்லாம் தெற்கே திரும்பி வரும். போகும்போது எதையும் விட்டுவைக்கமாட்டார்கள். கொட்டகையின் கீற்றைக்கூடப் பிரித்துக் கட்டி எடுத்துப் போவார்கள். விட்டால் காற்று எடுத்துப் போய்விடும். வேலி கிடையாது, பலகை கிடையாது. போன வாடைக்கு எவர் வலை இழுத்தாரோ அந்தக் கரை இந்த வாடைக்கும் அவருக்கு. அதை யாரும் யாரிடமும் நிரூபிக்க வேண்டியிருந்ததில்லை.

இதை எல்லாம் அந்தப் பெங்களூர்க்காரரிடம் சொல்ல ஒரு வாக்கியம் போதும். சொல்லியிருந்தால் அவர் பக்கத்து ஊருக்குப் போய்விடுவாரோ என்று பயந்தேன். தோப்புக்கு வரப்போகிற குத்தகை பற்றிய பயம் என்று என் மகன்கள் நினைக்கிறார்கள். அப்படி நினைத்தால் நல்லதுதான், கொஞ்சம் மரியாதையாக இருக்கிறது. உண்மையில், எனக்குக் கிடைத்த மாணவன் போய்விடுவானே என்றுதான் பயந்தேன். அவர் தோப்பைக் குத்தகைக்கு எடுத்து, புரட்டாசிக்குள் அங்கே ஒரு விடுதி போட்டுவிட்டார்.

என் தோப்புக்கு முன்னால் இருந்த கரையில் வாடைக்காலத்தில் வலை இழுத்தது என் பள்ளித் தோழன். புதுமடத்துக்காரன். படிப்பை முடித்ததும் வளைகுடாவுக்குப் போய் அங்கே ஓர் ஓட்டலில் கார் ஓட்டி, இங்கிலீஷும் அரபியும் கற்று, ஐம்பது வயதில் திரும்பிவந்து கரைவலை ஒன்று வாங்கியவன். கரைவலைக்குப் படகில் போய் அரைவட்டமாக வலையை விட்டு வருவார்கள். அதன் இரண்டு நுனிக் கயிற்றையும் தள்ளித் தள்ளி நின்று இரண்டு கூட்டம் இழுக்கும். இழுக்க இழுக்க இரண்டு கூட்டமும் நெருங்கி வரும்; கடைசியில் வலையின் பை போன்ற மடி, மீன் நிறைந்து கரை ஏறும். அதற்கு நல்ல அகலமான கரை வேண்டும். அவன் தானே கயிற்றைத் தொட்டு நான் பார்த்ததில்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாரையும் ஏசுவான். அவன் ஏசினால்தான் மீன் வரும் என்று இழுக்கிறவர்கள் சொல்வார்கள். அவன் அதை நம்பினான்.

ஐப்பசி பிறந்து சில நாளில் அவன் என் வீட்டுக்கு வந்தான். முகம் கறுத்திருந்தது.

"மச்சான், ஒன் தோப்புக்கு முன்னால எவனோ தொட்டில் கட்டிப் போட்டுருக்கான்."

"தொட்டிலா?"

"ஆமா. பெரிய ஆளுக படுக்குற தொட்டில். தாடி வச்சவன் ஒருத்தன் உச்சிப்பொழுதுல அதுல கெடந்து தூங்குறான். தம்பி, எந்திரி, வலை எறக்கணும்னேன். 'ஹாய் அங்கிள்'ங்குறான்."

உள்ளேயிருந்து என் மனைவி சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை. மூங்கில் வேலி போட்டிருப்பதையும், விடுதி மேலாளர் என்று ஒரு பையன் வந்து, வலைக்குப் போன நாலு பேருக்கும் டீ கொடுத்து, இது தனியார் கடற்கரை என்று பணிவாகச் சொன்னதையும் சொன்னான்.

"டீ நல்லா இருந்துச்சு. அதச் சொல்லணும்ல. ஏலம் போட்டுருந்தான்" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "மச்சான், வெளையாட்டு இல்ல. மருமகன் இந்த வருசந்தான் கல்ஃபுல வேலைய விட்டுட்டு வந்துருக்கான். இனி போகமாட்டேன், வலையப் பாத்துக்கிறேங்குறான். பேத்தி இப்பத்தான் அவன அத்தான்னு சொல்லாம வாப்பான்னு கூப்புடப் பழகிருக்கு. வலை இருந்தா அவன் இங்கன இருப்பான். வலை இல்லேன்னா பிளேன் ஏறிருவான்."

அந்தக் குழந்தை தன் அம்மா கூப்பிடுகிறதைக் கேட்டு அப்பாவை அத்தான் என்று அழைத்துவந்ததை அவன் முன்பு சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறான். இப்போது சொன்னபோது சிரிப்பு இல்லை.

"அவுக எடத்தப் பாக்க வந்தப்ப நீதானே கூட நின்ன. வாடைக்கு நாங்க வருவோம்னு சொல்லலயா?"

"அவுக கேக்கல மச்சான்" என்றேன்.

அவர் கேட்டிருந்தார். நான் பதிலும் சொல்லியிருந்தேன். முதல் முறை சொன்னதையாவது ஆனி மாதத்து உண்மை என்று வாதாடலாம். இது எந்த மாதத்திலும் பொய்தான்.

நான் பேசிப் பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். விடுதியில் பேசினேன். படித்தவர்கள் பேசினால் சமரசம் பிறக்கும். வாரத்தில் சில மாலைகளில் விருந்தினர்கள் பார்க்க, தோப்பின் முன்னால் வலை இழுத்துக்கொள்ளலாம்; ஒரு கயிற்றை நண்பனின் ஆட்கள் இழுப்பார்கள், இன்னொரு கயிற்றை விருந்தினர்கள் இழுத்து அனுபவிப்பார்கள். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்த முதல் மாலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. விருந்தினர்கள் ஆர்வமாகத்தான் இழுத்தார்கள். இழுத்துக்கொண்டே படம் எடுத்தார்கள். படம் எடுக்கும்போது கயிற்றை விட்டார்கள். ஒரு பக்கம் வேகமாக வர, மறுபக்கம் தளர, வலை கோணிக்கொண்டு வந்தது. நண்பன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான்.

"ஏலே, அந்தச் செவப்பு டவுசரு! புடி! விடாத! அட விட்டுட்டான்யா, விட்டுட்டான்!"

"அங்கிள் என்ன சொல்றாங்க?" என்று சிவப்பு டவுசர் என்னைக் கேட்டது.

"உங்களை உற்சாகப்படுத்துகிறார்" என்று மொழிபெயர்த்தேன்.

மடியில் வந்தது கொஞ்சம் பொடிக் காரல் மீன், நிறையச் சொறி என்கிற ஜெல்லிமீன், ஊதிக்கொண்ட ஒரு பேத்தை மீன். எல்லாரும் கைதட்டினார்கள். ஒரு குழந்தை பேத்தையைப் பார்த்து அழுததால் அதைக் கடலில் விட்டோம், அதற்கும் கைதட்டினார்கள். பிறகு மற்ற மீன்களையும் விட்டுவிடலாமே, பாவம் என்று ஓர் அம்மாள் சொன்னார். நண்பன் என்னைப் பார்த்த பார்வையை நான் எந்த மொழியிலும் பெயர்க்கவில்லை. அன்று இரவு உணவுக்கு அவர்கள் சாப்பிட்டது முள் இல்லாத குளத்து மீன், எங்கிருந்தோ பனிக்கட்டியில் வந்தது.

மறுநாளிலிருந்து அவன் அந்தப் பக்கம் வரவில்லை. கிழக்கே தள்ளி, பாறை கிடக்கிற ஒரு கரையில், மற்றவர்கள் இழுத்து முடித்த பிறகு இரவல் முறையில் இழுத்தான். வலை கிழிந்தது. தைத்தார்கள். மறுபடி கிழிந்தது. மருமகன் மறு வாடையையும் அந்தப் பாறைக் கரையிலேயே பார்த்தான். அந்த வாடை முடிந்து சிறிது நாளில் மறுபடி வளைகுடாவுக்குப் போய்விட்டான். நான் வழியனுப்பப் போனேன். பேத்தி வாசலில் நின்று, வாப்பா கடைக்குப் போகிறார் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தது. யாரும் திருத்தவில்லை.

நான் அன்று மாலை தோப்புக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே எனக்கு ஒரு வேலை வந்திருந்தது.

மாலைகளில் விருந்தினர்கள் தீ மூட்டி உட்காரும்போது உள்ளூர் விஷயங்களை நான் இங்கிலீஷில் சொல்வது என்று ஏற்பாடு. சம்பளம் கிடையாது, நானும் கேட்கவில்லை. எனக்கென்று ஒரு பிரம்பு நாற்காலி, ஓர் எலுமிச்சை ஜூஸ். ஆண்கடல், பெண்கடல், அவற்றுக்கு நடுவே காற்றைப் பார்த்துக் கரை மாறும் மீனவர்கள். எதைச் சொல்லாமல் விட்டு அந்த இடத்தை வாங்கிக்கொடுத்தேனோ, அதையே தினமும் ஓர் அழகான கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இது வேடிக்கையாக எனக்குத் தோன்ற ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அதுவும் தானாகத் தோன்றவில்லை. கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள், சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கேட்டார்: "திரும்பி வர்றாங்கன்னு சொன்னீங்களே, எந்த எடத்துக்குத் திரும்பி வருவாங்க?"

"நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு" என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பெங்களூர்க்காரர் கேட்டதை, நான் பதில் சொன்னதை, மருமகன் போனதை. சொல்லும்போது குரல் நடுங்கியது. அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த நாள் என்னை வரவேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். எதிர்பார்த்ததில் ஒரு நிம்மதியும் இருந்தது. மேலாளர் பையன் ஓடிவந்தான்.

"சார், நேத்து சொன்னதையே இன்னைக்கும் சொல்லுங்க சார். எல்லாரும் அவ்ளோ ஃபீல் பண்ணியிருக்காங்க. ரிவ்யூல எழுதியிருக்காங்க."

சொன்னேன். மறுநாளும் சொன்னேன். இப்படித்தான் என் குற்ற உணர்ச்சி எங்கள் கடற்கரையின் கவர்ச்சிகளில் ஒன்றாகியது. பட்டச் சறுக்கு, அலையாத்திக் காட்டுக்குள் படகுச் சவாரி செய்யக் காரங்காட்டுக்கு ஒரு நாள் பயணம், மாலையில் என் வருத்தம். எந்த இடத்தில் நிறுத்தினால் மூச்சுவிடுவார்கள், எந்த இடத்தில் குழந்தை வாசலில் நிற்பதைச் சொல்லலாம் என்பது எனக்குப் பிடிபட்டுவிட்டது. குரல் தானாக நடுங்கிய நாள் முதல் நாள் மட்டும்தான். கேட்டு முடித்து, கொஞ்சம் கனத்த மனத்தோடு, அவர்கள் சாப்பிடப் போவார்கள்.

ஒரு மாலை கதையை முடித்துக் கைதட்டல் அடங்கிய பிறகு பார்த்தேன். பின்வரிசை நாற்காலியில், கையில் குடை சொருகிய ஜூஸ் கோப்பையோடு, நண்பன் உட்கார்ந்திருந்தான். விடுதி வேலைக்குப் போகிற ஊர்ப் பையன்களில் எவனோ சொல்லியிருக்கிறான். எல்லாரும் போகிறவரை அவன் அசையவில்லை. ஓட்டலில் கார் ஓட்டியவனுக்கு என் இங்கிலீஷ் முழுவதும் புரியும் என்பதை நான் மறந்தே போயிருந்தேன்.

"நல்லா இருந்துச்சு மச்சான்" என்றான். "எனக்கே அழுக வந்துருச்சு. யாரோ ஒரு பாவப்பட்ட மனுசன்னு நெனச்சுட்டேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"எங்கிட்ட என்ன சொன்ன? அவுக கேக்கலன்ன. இவுககிட்ட என்ன சொல்ற? கேட்டாகங்குற. தமிழ்ல எனக்குப் பொய்யி, இங்கிலீசுல இவுகளுக்கு உண்மை. ஒன் நிய்யத்து, மனசுல உள்ள எண்ணம், என்னன்னே எனக்கு வெளங்கல மச்சான். குத்தகைக் காசுக்குச் செஞ்சிருந்தாக்கூட அல்லா மேல ஆணையா மன்னிச்சுருப்பேன். காசுன்னா எனக்கும் ஆசைதான். நீ கைதட்டுக்குல்ல வித்துருக்க."

"என்ன செய்யணும்ங்குற?"

"ஆபீசர்கிட்ட மனுக் குடுத்துருக்கோம். நாளைக்கழிச்சு ராம்நாட்டுல கூப்புட்டுருக்காக. அங்கன வந்து சொல்லு. இதே கதைய. தமிழ்ல. ஒரே ஒரு வாட்டி." எழுந்து நடந்தவன் திரும்பிப் பார்த்துச் சொன்னான்: "பேத்தி வாசல்ல நிக்கிறது மட்டும் வேண்டாம். அத விட்டுரு."

இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் போனோம். அவன் முன்னால் உட்கார்ந்தான், நான் பின்னால். அலுவலகத்தில் மேலாளர் பையன் எங்களுக்கு முன்பே வந்திருந்தான். என்னைப் பார்த்து எழுந்து நாற்காலியைத் தந்தான்.

அதிகாரி நண்பனைக் கேட்டார்: "நீங்க அங்க வழக்கமா வலை இழுத்ததுக்கு அடையாளம் ஏதும் இல்லேங்கிறாங்களே? ஒரு கொட்டகைகூட இல்லையாமே?"

"கச்சான் அடிக்கையில கரையில என்னத்த சார் வைக்க? கப்பலுக்கே நங்கூரம் போடணும். நீங்க ஒங்க மேசைய அங்கன கொண்டாந்து போடுங்க, மறுநாள் ஆபீசு சிலோன்ல நடக்கும்."

அதிகாரி சிரிக்காமல் என் பக்கம் திரும்பினார். நான் எழுந்து நின்று சொன்னேன். வாடைக்காலத்தில் அந்தக் கரை இவர்களுடையது என்பது எனக்குத் தெரியும். கேட்டபோது யாருமில்லை என்று சொன்னது நான்தான். எங்கும் நிறுத்தவில்லை. குரல் நடுங்கவில்லை. நாலு வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

"தெரிஞ்சும் ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"அவர் கேட்டது ஆனி மாசம் சார். ஆனி மாசத்துக்குப் பதில் சொன்னேன்."

"என்ன பாடம் நடத்தினீங்க?"

"புவியியல்."

இப்போது அவர் சிரித்தார். மேலாளர் பையன்தான் சிரிக்கவில்லை. அவன் உண்மையாகவே குழம்பிப்போய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"சார், இதுக்கா இத்தனை வருஷம்? இவங்க வருஷம் முழுக்கக் கரையைக் கேக்குறாங்கன்னுல்ல நாங்க நெனச்சுக்கிட்டிருந்தோம். ஐப்பசிக்கு மேல எங்களுக்கு இந்தக் கரையில வேலையே இல்லையே. அப்ப காத்து தரையிலருந்து கடலுக்குள்ள அடிக்குது. பட்டத்தைக் கட்டிக்கிட்டு எறங்குனா ஆளை நடுக்கடலுக்கு இழுத்துட்டுப் போயிரும். அந்த மாசமெல்லாம் நாங்க சறுக்குறதுக்கு வடக்குக் கரைக்குத்தான் கூட்டிட்டுப் போறோம். இங்க ரூம் பாதி காலி. மொதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேலியைக் கழட்டி மாட்டுற மாதிரி போட்டிருப்போமே!"

கச்சானில் மீனவர்கள் வடக்கே போகிறார்கள், பட்டக்காரர்கள் தெற்கே இருக்கிறார்கள். வாடையில் மீனவர்கள் தெற்கே வருகிறார்கள், பட்டக்காரர்கள் வடக்கே போகிறார்கள். காற்றே இரண்டு கூட்டத்துக்கும் வருடத்தைச் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்திருந்தது. இரண்டு கூட்டமும் மோதிக்கொள்ள இடமே இல்லை. பருவக்காற்றைப் பற்றி வாழ்நாள் முழுவதும் பாடம் நடத்திய நான், அந்தப் பெங்களூர்க்காரரை இழந்துவிடாமல் இருக்கச் சொன்ன பொய், எவருக்கும் தேவையில்லாத பொய். அதைச் சொல்லாமல் இருந்தாலும் அவர் தங்கியிருப்பார். நான் பேசுவதையும் கேட்டிருப்பார்.

அதிகாரிக்கு வேலை சுலபமாகிவிட்டது. வாடை மாதங்களில் வேலியை எடுத்துவிட வேண்டும் என்றார். பையன் சரி என்றான். கிறிஸ்துமஸ் விடுமுறை வாரத்தில் மட்டும் விருந்தினர்கள் கரையில் நடமாடலாமா என்று கேட்டான்.

"தாராளமா வரட்டும்" என்றான் நண்பன். "வேடிக்கை பாக்கட்டும். படம் புடிக்கட்டும். கயித்த எவனாச்சும் தொட்டான், கைய ஒடிச்சுருவேன்."

"அதை ரிவ்யூல போடலாமா அங்கிள்?" என்று பையன் கேட்டான். நண்பன் அவன் முதுகில் ஓர் அடி வைத்தான். வெளியே வந்து இரண்டு பேரும் ஒன்றாக டீ குடித்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். எனக்குக் குடிக்க முடியவில்லை.

மாலைப் பேச்சை நிறுத்திவிட்டேன். பையன் மிகவும் வருத்தப்பட்டான்; கதைக்கு இப்போது நல்ல முடிவும் வந்துவிட்டதே சார் என்றான்.

இந்த ஐப்பசியில் வலை திரும்பி வந்தது. குட்டியானை வண்டியில் வலையையும் கயிற்றையும் ஏற்றிக்கொண்டு வந்து, தோப்புக்கு முன்னால் இறக்கினார்கள். முதல் இழுப்பு அன்று நானும் போனேன். யாரும் அழைக்கவில்லை, யாரும் விரட்டவும் இல்லை. கடல் ஒரு தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது. இரண்டு கூட்டமும் இழுத்து இழுத்து நெருங்கி வந்தன. மடி கனமாகத்தான் ஏறியது. நெத்திலி, சூடை, கொஞ்சம் கணவாய், வலை முழுக்க நண்டு. நண்பன் நாற்காலியில் உட்கார்ந்து, மீன் வந்த பிறகும் விடாமல் ஏசிக்கொண்டிருந்தான்.

பிறகு ஃபோனை எடுத்து மருமகனை வீடியோவில் கூப்பிட்டான். மீனைக் காட்டினான், கரையைக் காட்டினான், இழுத்தவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகக் காட்டினான். கடைசியில் ஃபோன் என் கைக்கு வந்தது. மஞ்சள் தொப்பி போட்ட முகம், பின்னால் ஏதோ ஒரு கட்டடத்தின் கம்பிகள்.

"வாத்தியார் மாமா, நல்லா இருக்கீகளா? நீங்கதான் ஆபீஸ்ல வந்து பேசிக் கரைய வாங்கிக் குடுத்தீகன்னு மாமா சொன்னாக. ஒங்களுக்காக எப்பவும் அல்லாகிட்ட துஆ கேப்பேன்."

நான் நண்பனைப் பார்த்தேன். அவன் வேறு பக்கம் திரும்பி யாரையோ ஏசினான். என் பொய்யை அவன் மருமகனிடம் சொல்லவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஃபோனைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம்.

"தம்பி, அந்தக் கரை போனதே என்னாலதான்" என்றேன். "யாரும் புழங்கலன்னு மொதல்ல சொன்னது நான்தான். உங்க மாமாகிட்டயும் மறச்சேன்."

அந்த முகம் அப்படியே இருந்தது. படம் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். பின்னால் கம்பிகளுக்கு இடையே ஓர் ஆள் நடந்துபோனான். படம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"டியூட்டி நேரம் மாமா. வைக்கிறேன்" என்றான். வைத்துவிட்டான்.

நண்பன் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தான். "என்னத்தச் சொன்ன?"

"உள்ளதச் சொன்னேன்."

அவன் ஃபோனைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். கோபமாக இருந்தால் தாங்கியிருப்பேன்.

"அவன் அங்கன இன்னும் ரெண்டு வருசம் கெடக்கணும் மச்சான். ஒப்பந்தம் போட்டுட்டான். நம்ம நேரம், கரை போச்சு, பொழைக்க வந்தோம்னு நெனச்சுக்கிட்டு வேலை பாத்துக்கிட்டு இருந்தான். இப்ப ஒன்ன நெனச்சுக்கிட்டுல்ல பாக்கணும்? பொய் சொல்லவும் ஒனக்கு நேரம் தெரியல, உண்மை சொல்லவும் தெரியல."

அவன் வலைப் பக்கம் கையைக் காட்டினான்.

"சும்மா நிக்காத. அந்தா, வலையில நண்டு கெடக்கு பாரு. காலு ஒடியாம எடு. ஒடிஞ்சா வெல போகாது."

மணலில் உட்கார்ந்து நண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். பழக்கமில்லாத கை. முதல் நண்டே கடித்துவிட்டது.